அறுபத்தோரு ஹெக்ஸ், பன்னெண்டு புளியங்கொட்டை: டிராவல் ரூல் ஒருவழியா ஓட ஆரம்பிச்ச கதை

ஆறு மைல் ஹெக்ஸ் (மேப்ல வரையற அறுகோணக் கட்டம்), ஏ4 ஷீட்ல 61 கட்டம், ஒரு நாள் நடைய எண்ண ஒரு கிண்ணத்துல 12 புளியங்கொட்டை. எங்க டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டர் எடுத்து டைஸ் உருட்டி கதையா ஆடுற கேம்) டேபிள்ல டிராவல் ரூல்னு கடைசியா நின்னது இவ்வளவுதான். இதுக்கு முன்னாடி செஞ்சு தூக்கிப் போட்டது நிறைய, அதையும் சேர்த்தே எழுதுறேன், எது ஏன் ஓடலன்னு தெரிஞ்சா உங்க டேபிளுக்கு வேற அளவுல வெட்டிக்கலாம். நாங்க ஆடுறது 2014ல வந்த ஃபைவ்-ஈ (அஞ்சாவது எடிஷன்), டிஎம், அதாவது கேம நடத்தறவன், நான், பிளேயர் அஞ்சு பேரு, ஒரு செஷன் மூணு மணி நேரத்துக்கு மேல போகாது, ஏன்னா ரெண்டு பேருக்கு காலைல ஷிஃப்ட்.

முதல் மேப்ப இன்கார்நேட்ல (மேப் வரையற வெப்சைட்) ஃப்ரீ அக்கவுண்ட வச்சு பண்ணேன். அழகுன்னா அழகு, மலைக்கு நிழலு, கடலோரத்துல நுரை, காட்டுக்குள்ள குட்டியா ஒரு கோபுரம், கீழ ஒரு ஸ்கேல் பார், ஒரு சென்டிமீட்டருக்கு பத்து மைல். ஆடும்போது தையல் நூல எடுத்து ரோடு வளையிற பக்கமெல்லாம் வளைச்சு வச்சு அளப்பேன், 11 செ.மீ.ன்னா 110 மைல், நார்மல் பேஸ்ல ஒரு நாளைக்கு 24 மைல், அப்போ நாலரை நாள் சொச்சம். அளந்து முடிச்சு "நாலரை நாள் ஆச்சு, வந்துட்டீங்க"ன்னு சொன்னேன். நடுவுல நாளைக்கு ஒரு தடவ டைஸ் உருட்டுவேன், எப்பவாச்சும் ஒரு ஓநாய் கூட்டம் வரும், அந்த ஒரு சண்டைல விசார்ட் (மந்திரவாதி கேரக்டர்) கையில இருக்கற ஸ்பெல் அத்தனையும் கொட்டித் தீர்த்துட்டு படுத்துத் தூங்கி மறுநாள் ஃபுல்லா எந்திரிப்பான். பிளேயருங்க எடுத்த முடிவுன்னு பார்த்தா ஒண்ணே ஒண்ணு, "போறோம்". மேப் எவ்வளவு அழகா இருந்தாலும் அதுல எந்தப் பக்கம் திரும்பினா என்ன செலவுன்னு எழுதலன்னா அது சுவத்துல மாட்டுற படம்தான்.

சரி ஹெக்ஸுக்குப் போவோம்னு முடிவு பண்ணேன். இது ஒண்ணும் புதுசு இல்ல, 1974ல வந்த முதல் டி அண்ட் டி-யே வெளிய காட்டுல சுத்துறதுக்கு தனியா மேப் குடுக்காம, 1972ல அவலான் ஹில் போட்ட அவுட்டோர் சர்வைவல்ங்கிற போர்டு கேமோட ஹெக்ஸ் போர்ட எடுத்து வச்சு ஆடுங்கன்னுதான் சொல்லுச்சு. அதுல ஒரு கட்டம் அஞ்சு மைல். 1981ல வந்த டி அண்ட் டி எக்ஸ்பர்ட் செட்டோட வந்த தீவு மேப்ல ஆறு மைல், கண்டத்தோட மேப்ல 24 மைல். எந்த அளவு நம்ம டேபிளுக்குன்னு பார்த்தா, 24 மைல் ஹெக்ஸ்னா ஒரு நாளைக்கு ஒரு கட்டம், அதாவது நாளைக்கு ஒரு முடிவு, திரும்பவும் நூல் அளந்த கதைதான். ஒரு மைல் ஹெக்ஸ்னா நாளைக்கு 24 கட்டம், ஒவ்வொண்ணுலயும் "அடுத்து எங்க?"ன்னு கேட்டா ஒரு நாள் நடக்கறதுக்குள்ள செஷன் முடிஞ்சிரும். ஆறு மைல்ல சமவெளின்னா நாளைக்கு நாலு கட்டம். நாலு முடிவு, அதான் எங்க ஆளுங்களோட பொறுமைக்கு சரியான எண்ணிக்கை.

ஆறு மைலுக்கு இன்னொரு வசதியும் இருக்கு. ஆறடி ஆளு சமதரைல நின்னா அவன் கண்ணுக்குத் தொடுவானம் ஏறக்குறைய மூணு மைல். ஹெக்ஸோட நடுவுல நின்னா பக்கத்துக்கு மூணு மைல், அதனால மறைப்பு இல்லாத இடத்துல "இந்த கட்டத்துல இருக்கற பெரிய சமாச்சாரம் எல்லாம் உங்களுக்குத் தெரியுது"ன்னு கூசாம சொல்லலாம். ஆனா ஒரு கட்டத்தோட பரப்பளவு 31 சதுர மைல் கிட்ட வருது, ஒரு குகைய ஒளிச்சு வைக்க தாராளமா இடம்.

கட்டம் வரையறதுக்கு இன்க்ஸ்கேப், படம் வரையற சாஃப்ட்வேர். ஸ்டார் டூல்ல பாலிகன் மோட் போட்டு மூலை ஆறுன்னு வச்சு, மேல தட்டையா இருக்கற மாதிரி ஒரு அறுகோணம், எதிரெதிர் பக்கத்துக்கு நடுவுல 15 மி.மீ. அப்புறம் எடிட் மெனுல குளோன், அதுல டைல்ட் குளோன்ஸ். ஷிஃப்ட் டேப்ல காலம் (நெடுவரிசை) ஒவ்வொண்ணுக்கும் எக்ஸ் மைனஸ் 25 சதவீதம், ஒய் 50 சதவீதம், ஒய்க்கு மட்டும் ஆல்டர்னேட் டிக். தட்டுனா தேன்கூடு மாதிரி வந்து நிக்கும்னு நெனச்சேன், ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவுல முடி அளவு இடைவெளி விட்டு நின்னுச்சு. காரணம் என்னன்னா அது கோட்டோட தடிமனையும் சேர்த்து அளக்குது, ப்ரிஃபரன்ஸ்ல விஷுவல்ல இருந்து ஜியோமெட்ரிக் பவுண்டிங் பாக்ஸுக்கு மாத்துனதும் ஒட்டிக்கிச்சு. இத தேடிக் கண்டுபிடிக்க ஒரு சாயங்காலமே போச்சு, அதான் எழுதி வைக்கிறேன்.

ஏ3 ஷீட், 420க்கு 297 மி.மீ. ஓரத்துல மார்ஜின், ஒரு பக்கம் குறியீடு எழுத அஞ்சு சென்டிமீட்டர் பட்டை, மிச்ச இடத்துல 26 காலம், 17 வரிசை, மொத்தம் 442 கட்டம். இங்கதான் பெரிய வேலைய தலைல தூக்கி வச்சுக்கிட்டேன். 442 கட்டத்துக்கும் ஆளுக்கொரு வரி எழுதணும்னு நோட்டு போட்டு உக்காந்தா, நூறு தாண்டுறதுக்குள்ள எல்லா இடிஞ்ச கோட்டையும் ஒரே கோட்டையா ஆயிருச்சு. அதைவிட, ஆடும்போது பார்த்தா பயலுக ஊர விட்டு மூணு நாலு கட்டத்துக்கு மேல போகவே இல்ல. கணக்கு போட்டா விஷயம் விளங்கும். ஒரு ஹெக்ஸ நடுவுல வச்சு சுத்தி ஒரு வளையம் போட்டா 7 கட்டம், ரெண்டு வளையம் 19, மூணு 37, நாலு 61. நாலாவது வளையம்ங்கிறது 24 மைல், நல்ல தரைல ஒரு நாள் நடை. ஒரு டவுன பேஸா வச்சு ஆடுற கேம்ப்பெயினுக்கு முதல் பல செஷன் அந்த 61க்குள்ளயே ஓடிரும். மிச்சம் 381 கட்டம் நான் எனக்காக எழுதிக்கிட்டது.

அதனால ஏ3ய மடிச்சு பரண்ல போட்டுட்டு, 20 மி.மீ. ஹெக்ஸ்ல அறுகோண வடிவத்துலயே 61 கட்டம், ஏ4ல அடங்கிருச்சு, உயரம் 18 செ.மீ., அகலம் 16 சொச்சம். 61லயும் விஷயம் வைக்கல. மூணுல ஒரு கட்டத்துக்கு மட்டும் ஒரு குறிப்பு, அதுவும் ரெண்டு வரிக்கு மேல கிடையாது. உதாரணத்துக்கு ஒண்ணு, முதல்ல இருக்கறது கட்டத்தோட நம்பர்: "0507, சதுப்பு. பாதி முங்குன கல் பாலம், அடில ட்ரோல். பாலத்து மேல போனா 6க்கு பதில் 3 கொட்டை. சுங்கம் ஒரு ஆடு, உயிரோட." ஆடும்போது எனக்கு தேவை இவ்வளவுதான், ட்ரோலோட தாத்தா பேரெல்லாம் யாரும் கேக்கல.

பிரிண்ட் விஷயம். ஜெராக்ஸ் கடைல பென்டிரைவ நீட்டுனா அவங்க பழக்கத்துல ஃபிட் டு பேஜ் தட்டிருவாங்க, 20 மி.மீ. கட்டம் 19க்கும் கீழ வந்துரும். "அண்ணா, ஆக்சுவல் சைஸ்லயே போடுங்க"ன்னு சொல்லி வாங்கணும். எண்ணித்தான் நகர்றோம், அளந்து இல்ல, அதனால ரூலுக்கு பாதிப்பு கிடையாது. ஆனா எங்க பார்ட்டியோட டோக்கன் ஒரு கோட்டு பட்டன், கட்டத்துக்குள்ள சுத்தி எழுதறதுக்கும் இடம் விட்டு உக்காரணும்ல. ரெண்டு காப்பி எடுத்தேன், ஒண்ணு எனக்கு டெரெய்னும் (எந்த மாதிரி தரைங்கிறது) நம்பரும் போட்டது, ஒண்ணு அவங்களுக்கு வெறும் கட்டம். அவங்களோடத லாமினேட் பண்ணேன். ஒயிட்போர்டு மார்க்கர்ல எழுதுனா சட்டைக் கைல காடு அழிஞ்சு மலை அழிஞ்சு, ஒரு செஷன் முடிவுல ஊரே காணோம். சிடில எழுதற பர்மனென்ட் மார்க்கர் வாங்கி, அழிக்கணும்னா சானிடைசர் ரெண்டு சொட்டு பஞ்சுல விட்டு தொடைக்கிறோம், சுத்தமா போயிருது. கொரோனா காலத்து பாட்டில் வீட்ல இன்னும் மிச்சம் இருக்கறவங்களுக்கு இதான் நல்ல உபயோகம்.

இப்போ நடக்கற ரூல். ஃபைவ்-ஈல கஷ்டமான தரைன்னா பாதி வேகம், அவ்வளவுதான். காடும் பாதி, சதுப்பும் பாதி, மலையும் பாதி, அப்புறம் எதுக்கு மேப்ல மூணு கலரு? 1981 ரூல்ல கொஞ்சம் பிரிச்சு வச்சிருக்காங்க: ரோட்ல ஒன்றரை மடங்கு, சமவெளி முழுசு, காடு குன்று பாலைவனம் மூணுல ரெண்டு பங்கு, மலை சதுப்பு அடர்காடு பாதி. இத அப்படியே எடுத்து மைல் கணக்குல ஓட்டிப் பார்த்தேன், "பதினாறு மைல்ல பன்னெண்டு போச்சு, மீதி நாலு, இது சதுப்பு, அப்போ எட்டுக்கு சமம்"னு நானே நடுவுல தொலைஞ்சு போயிருவேன், பிளேயர் ஒருத்தன் போன்ல கால்குலேட்டர் தொறந்தா அப்படியே ரீல்ஸுக்கு போயிருவான்.

பின்னம் வராம இருக்க என்ன பண்ணலாம்னு எழுதி எழுதிப் பார்த்ததுல 12 வந்து மாட்டுச்சு. ஒரு நாளைக்கு 12 பாயிண்ட். ரோட்டு கட்டம் 2, சமவெளி 3, காடு குன்று 4, சதுப்பு மலை 6. நாளைக்கு ஆறு கட்டம், நாலு கட்டம், மூணு கட்டம், ரெண்டு கட்டம், எல்லாம் முழு எண். காட்டுக்கும் குன்றுக்கும் மட்டும் 16 மைல் வரவேண்டிய இடத்துல 18 வருது, அந்த ரெண்டு மைலுக்கு யாரும் கேஸ் போடல. ஒரு பாயிண்ட்னா நல்ல தரைல ரெண்டு மைல், நாப்பது நிமிஷம், எட்டு மணி நேர நடைக்கு 12. இதுல நானே எதிர்பாக்காதது, ஃபைவ்-ஈயோட வேகம் மூணும் இதுல பிசிறில்லாம உக்காந்துச்சு: ஃபாஸ்ட் 30 மைல்னா 15, நார்மல் 24னா 12, ஸ்லோ 18னா 9. ஃபாஸ்ட்ல பாஸிவ் பெர்செப்ஷன்ல (சுத்தி நடக்கறத கவனிக்கற எண்) அஞ்சு குறையும், ஸ்லோல ஒளிஞ்சு போகலாம், அதெல்லாம் புக்ல இருக்கறபடியே.

பாயிண்ட எண்ண முதல்ல ஒரு டி12ய (பன்னெண்டு பக்க டைஸ்) மேல நம்பர் தெரியற மாதிரி வச்சு திருப்பிக்கிட்டே போனோம். எவனாவது ஒருத்தன் பேச்சு மும்முரத்துல அத எடுத்து உருட்டிருவான், முடிஞ்சுது. புளியங்கொட்டை யோசனை அடுப்படில வந்தது. கழுவி, ஈரம் போக ரெண்டு நாள் வெயில்ல காய வைங்க, இல்லன்னா பிசுபிசுன்னு மேப்ல ஒட்டும். கிண்ணத்துல 12 போட்டு நடுவுல வைப்பேன், கட்டத்துக்குள்ள போகணும்னா பிளேயர் கையாலயே எண்ணி எடுக்கணும். "சதுப்புக்கு ஆறு"ன்னு வாயால சொல்றது வேற, கிண்ணத்துல பாதிய அள்ளி வெளிய வைக்கிறது வேற. அத பார்த்ததும்தான் "மச்சி, இரு இரு, சுத்திப் போனா என்ன?"ன்னு முதல் தடவையா ஒருத்தன் கேட்டான்.

மீதி விழுந்தா என்ன பண்றதுங்கிறதும் கொட்டையாலயே தீந்துச்சு. கிண்ணத்துல 3 இருக்கு, அடுத்தது மலை, 6 வேணும். இருக்கற மூணையும் மலைக் கட்டத்து மேல வச்சிருங்க, நாளைக்கு இன்னும் மூணு வச்சா தாண்டியாச்சு. ஆனா ராத்திரி அந்த மலை அடிவாரத்துலதான் கேம்ப்பு, ராத்திரி என்கவுண்டர் (எதிர்ல வந்து நிக்கற மிருகமோ ஆளோ) மலைக்குன்னு இருக்கற பட்டியல்ல இருந்து வரும். பேப்பர்ல எழுதி வச்சு ஞாபகம் வச்சுக்கற வேலையே இல்ல.

சுமை. இத நான் முதல்ல விட்டுட்டேன், யாருக்கும் பவுண்டு கூட்டறது பிடிக்காது. ஆனா சுமை இல்லன்னா 12ங்கிறது மாறவே மாறாது, மாறலன்னா முடிவும் இல்ல. புக்ல இருக்கற வேரியண்ட் ரூல், ஸ்ட்ரெங்த் நம்பர அஞ்சால பெருக்குனது தாண்டுனா ஒரு படி, பத்தால பெருக்குனது தாண்டுனா ரெண்டு படி. எங்க கணக்கு: பார்ட்டில யாராவது ஒருத்தன் முதல் படி தாண்டியிருந்தா கிண்ணத்துல 9 கொட்டை, ரெண்டாவது தாண்டியிருந்தா 6. கூட்டத்துல மெதுவா நடக்கறவன் வேகம்தான் கூட்டத்தோட வேகம். எங்க ஃபைட்டருக்கு ஸ்ட்ரெங்த் 16, அதாவது வரம்பு 80 பவுண்டு. செயின் மெயில் 55, ஷீல்டு 6, லாங்ஸ்வோர்டு 3, எக்ஸ்ப்ளோரர்ஸ் பேக் 59, கூட்டுனா 123. கேம்ப்பெயின் ஆரம்பிச்ச நாள்ல இருந்து அவன் லோடு தாண்டித்தான் நடந்துட்டு இருந்திருக்கான், யாரும் பாக்கல. இத கண்டுபிடிச்ச அன்னைக்கு டேபிள்ல அவனுக்கு விழுந்த ஏச்சு இருக்கே. உடனே கழுதை வாங்குவோம்னாங்க, புக்ல மியூல் எட்டு கோல்டு, 420 பவுண்டு தூக்கும், எல்லா பிரச்சனையும் தீந்துரும். அதுக்கு ஒரு கட்டை போட்டேன், கழுதை சதுப்புலயும் மலைலயும் கால வைக்காது. இது என் சொந்த ரூல், உயிரியல் கேள்வி கேக்கறவங்களுக்கு என் கிட்ட பதில் இல்ல.

வழி தவறுறது. மேப் கண்ணு முன்னாடி இருக்கு, பட்டன் அதுல உக்காந்திருக்கு, அப்புறம் எப்படி தொலையிறது? முதல்ல நான் ரகசியமா டைஸ் உருட்டி "நீங்க தப்பான கட்டத்துக்கு வந்துட்டீங்க"ன்னு பட்டன நகத்துனேன், அது தொலையிறது இல்ல, அபராதம். இப்போ பண்றது: காலைல நான் ஒரு டி6 உருட்டுவேன். சமவெளின்னா 1 வந்தா தப்பு, காடு குன்று மலைன்னா 1, 2, சதுப்பு அடர்காடு பாலைவனம்னா 1ல இருந்து 3 வரை, இதுவும் 1981 கணக்குதான். ஸ்லோவா போனா ஒண்ணு குறையும், ஃபாஸ்டா போனா ஒண்ணு கூடும். ரோடு, ஆறு, கடற்கரை இத ஒட்டியே போனா உருட்டவே வேணாம். தப்புனா ஒண்ணும் சொல்லாம பட்டன எடுத்து மேப்புக்கு வெளிய வச்சிருவேன். ஒத்தப்படைன்னா இடது கட்டத்துக்கும் ரெட்டைப்படைன்னா வலது கட்டத்துக்கும் ஒதுங்குவாங்க, அது என் மேப்ல மட்டும். அவங்க என்ன பாக்கறாங்கன்னு நான் சொல்லுவேன், கொட்டைய அவங்க எண்ணிக் குடுத்துட்டே இருப்பாங்க, அடையாளம் தெரிஞ்ச இடம் எதாவது வந்தாதான் பட்டன் திரும்ப மேப்புக்குள்ள வரும். சதுப்புல ரெண்டு நாள் நடந்தா ஒரு தடவையாவது தொலையறதுக்கு 75 சதவீத வாய்ப்பு, அது தெரிஞ்சப்புறம் ஆத்தங்கரைக்கு எங்க டேபிள்ல தனி மரியாதை. ரேஞ்சர் (காடு மலை பழகுன கேரக்டர்) இருந்தா அவனோட ஃபேவர்ட் டெரெய்ன்ல மந்திரத்தால தவிர கூட்டம் தொலையவே தொலையாதுன்னு ரூல் இருக்கு, எங்க கூட்டத்துல ரேஞ்சர் கிடையாது, அதனால தப்பிச்சேன்.

ஏறிப் பாக்கற ரூல் சும்மா சேர்த்தது, இப்போ அதான் அதிகமா யூஸ் ஆகுது. உயரத்த அடில எடுத்து ஒன்றரையால பெருக்கி வர்க்கமூலம் போட்டா தொடுவானம் எத்தன மைல்னு வந்துரும். 100 அடி குன்றுன்னா 12 மைல், அதாவது ரெண்டு கட்டம். குன்று கட்டத்துல இருக்கும்போது ஒரு கொட்டை கூட குடுத்தா உச்சிக்கு ஏறலாம், சுத்தி ரெண்டு வளையத்துக்கு டெரெய்ன் என்னன்னு நான் சொல்லணும், அவங்க மார்க்கர்ல வரைஞ்சுக்குவாங்க. மூடுபனி மழைன்னா கிடையாது.

சாப்பாட்டுல ரொம்ப அடி வாங்குனேன். நாளைக்கு ஒரு பவுண்டு சாப்பாடு, ஒரு கேலன் தண்ணி, வாட்டர்ஸ்கின் ஒண்ணுல அரை கேலன்தான் பிடிக்கும், இதெல்லாம் எழுதி டேபிள் போட்டு நீட்டா வச்சா, ட்ரூயிட் பையன் "குட்பெரி"ன்னான். அது ஒரு ஸ்பெல், ஒரு ஃபர்ஸ்ட் லெவல் ஸ்லாட் (ஒரு தடவ ஸ்பெல் போடற வாய்ப்பு) செலவு, பத்து பெரி, ஒரு பெரி ஒரு ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு. அஞ்சு பேருக்கு போக அஞ்சு மிச்சம். போதாக்குறைக்கு ரோக் எடுத்திருந்த பேக்ரவுண்ட் அவுட்லேண்டர், அவன் காட்டுல தனக்கும் இன்னும் அஞ்சு பேருக்கும் தினம் சாப்பாடும் தண்ணியும் தேடிருவான், டைஸே வேணாம். ரூல தடை பண்ணா அவங்க கேரக்டர் எடுத்ததுக்கு அர்த்தம் இல்ல, அதனால வேற பக்கத்துல இருந்து வந்தேன். குட்பெரிக்கு புக்லயே மிசில்டோ தழை வேணும்னு இருக்கு, எங்க டேபிள்ல ஒவ்வொரு தடவையும் ஒரு தழை தீரும், கிடைக்கறது காட்டு கட்டத்துல மட்டும். அவுட்லேண்டர் தேடணும்னா அன்னைக்கு ரெண்டு கொட்டை செலவு. கையில இருக்கற ரேஷனுக்கு (கட்டுச்சோத்துக்கு) ஃபார்பிடன் லேண்ட்ஸ்ங்கிற இன்னொரு கேம்ல இருக்கற மாதிரி ஒரு டைஸ், ராத்திரி ராத்திரி உருட்டி 1 இல்ல 2 வந்தா டி12 டி10 ஆகும், டி8 ஆகும், டி6 ஆகும், அதுக்கப்புறம் காலி. அதுல ஆளுக்கு ஒரு டைஸ், நாங்க மொத்த பார்ட்டிக்கும் ஒண்ணே ஒண்ணு. கணக்குப்படி டி12ல ஆரம்பிச்சா சராசரியா 18 ராத்திரி, டி8ல ஆரம்பிச்சா ஏழு. கேம்ல வர்ற ஊர்க் கடைல டி8க்கு மேல வாங்க சரக்கு இல்லன்னு சொல்லிட்டேன்.

தூக்கத்தையும் தொட்டாகணும். காட்டுல தினமும் லாங் ரெஸ்ட் (தீர்ந்த ஸ்பெல்லெல்லாம் திரும்ப வர்ற முழு தூக்கம்) குடுத்தா ஒரு நாள் என்கவுண்டருக்கு மதிப்பே இல்ல. புக்ல இருக்கற கிரிட்டி ரியலிசம் போட்டுப் பார்த்தோம், ஷார்ட் ரெஸ்ட் எட்டு மணி நேரம், லாங் ரெஸ்ட் ஏழு நாள். டன்ஜன் (பூதம் இருக்கற பாதாளக் குகை) உள்ள போனதும் விசார்ட் ரெண்டு செஷன் வில்லும் கையுமா உக்காந்திருந்தான், மூஞ்சி பாக்க முடியல. இப்போ லாங் ரெஸ்ட் ஊர்லயோ, அவங்களே பாதுகாப்புன்னு உறுதி பண்ண ஒரு கட்டத்துலயோ மட்டும், வெளிய தூங்குனா ஷார்ட் ரெஸ்ட் பலன். டன்ஜன் வாசல்கிட்ட ஒரு பாதுகாப்பான கட்டம் பிடிக்கறதே ஒரு வேலையா ஆயிருச்சு, அதுக்குன்னு ஒரு பாழடைஞ்ச காவல் கோபுரத்த சுத்தம் பண்ணி வச்சிருக்கானுங்க.

இதெல்லாம் சேர்ந்து ஓடுன ஒரு ட்ரிப்ப சொல்றேன். ஊர்ல இருந்து பழைய வெள்ளிச் சுரங்கத்துக்கு நேர்க்கோட்ல நாலு கட்டம்: காடு, சதுப்பு, சதுப்பு, குன்று, 20 கொட்டை. ரோட்ல சுத்திப் போனா ஏழு கட்டம், 14 கொட்டை, ஆனா நடுவுல டியூக்கோட செக்போஸ்ட், விசார்ட் தலைக்கு அங்க விலை ஒட்டியிருக்கு. மலை முகடு வழியா குன்று, குன்று, மலை, மலை, குன்று, 24 கொட்டை. ஃபைட்டர் சுமையோட கிண்ணத்துல 9தான், அப்போ ரோடு ரெண்டு நாள், சதுப்பும் முகடும் மூணு நாள். 12 இருந்தா மூணுமே ரெண்டு நாள்ல முடியும். அப்போ 43 பவுண்டு இறக்கணும். ரேஷன் 20, கயிறு 10, டார்ச் 10, வாட்டர்ஸ்கின் 5, இத நாலு பேரும் பிரிச்சுத் தூக்கிட்டாங்க, "டேய் அந்த டார்ச் பத்தும் வேணுமாடா"ன்னு ஒரு கால் மணி நேரம் பஞ்சாயத்து. அப்புறம் முகடுன்னு முடிவு. முதல் குன்றுலயே ரோக் "ஏறிப் பாத்துரலாம்"னான், ஒரு கொட்டை. சதுப்புக்குள்ள ரெண்டு இடத்துல புகை தெரிஞ்சுது, நல்லவேளை அந்தப் பக்கம் போகலன்னு சந்தோஷப்பட்டாங்க. ரெண்டாவது நாள் சாயங்காலம் கடைசி குன்றுக்கு நாலு வைக்கணும், கிண்ணத்துல மூணு இருந்துச்சு.

அந்த ஒரு கொட்டைக்காக ராத்திரி வெளிய தங்கறதா, இல்ல ஃபோர்ஸ்டு மார்ச்சான்னு (எட்டு மணி நேரத்துக்கு மேலயும் நடக்கறது) திரும்ப பஞ்சாயத்து. ஃபோர்ஸ்டு மார்ச் எங்க டேபிள்ல ரெண்டு மணி நேரத்துக்கு மூணு கொட்டை, மணிக்கு ஒரு கான்ஸ்டிட்யூஷன் சேவ் (உடம்பு தாங்குதான்னு உருட்டற டைஸ்), முதல் மணிக்கு 11 வரணும், அடுத்ததுக்கு 12, தோத்தா ஒரு லெவல் எக்சாஸ்ஷன் (களைப்பு). நடந்தாங்க, விசார்ட் ரெண்டாவது சேவ்ல 7 போட்டான், சுரங்க வாசல்ல மூச்சு வாங்கிட்டு நின்னான். பழைய நூல் மேப்ல இது "ரெண்டு நாள் ஆச்சு, வந்துட்டீங்க". இப்போ இதுக்கு நாப்பது நிமிஷத்துக்குக் கிட்ட எடுத்துச்சு, பாதிக்கு மேல அவங்களே பேசிக்கிட்டது, நான் டீ குடிச்சேன்.

என்கவுண்டர் பத்தி சுருக்கமா: பகல்ல ஒரு டி6, ராத்திரி ஒரு டி6, வாய்ப்பு தரைக்குத் தக்கபடி, வந்தா உடனே சண்டை இல்ல, பழைய ரூல்ல இருக்கற 2டி6 ரியாக்ஷன் ரோல். 2 வந்தா பாயும், 12 வந்தா தோஸ்து, நடுவுல வர்ற எண்ணுங்கதான் அதிகம், அதெல்லாம் பேச்சுவார்த்தை. ஒரு ஓக்ர் கூட்டம் இப்போ எங்க ஆளுங்க கிட்ட வாரம் ஒரு பீப்பா மீன் வாங்கிட்டு வழி விடுது.

செலவுன்னு பார்த்தா ஏ4 கலர் பிரிண்ட் ரெண்டு 40 ரூபா, லாமினேஷன் 30, மார்க்கர் கருப்பு நீலம் பச்சை சேர்த்து 90, பட்டன் பழைய கோட்டுல இருந்து, கொட்டை ரசத்துல இருந்து. பரண்ல கிடக்குற ஏ3க்கு மட்டும் தனியா 120 போச்சு, அத கணக்குல சேக்கல.

அடுத்த மேப்ல மாத்த வேண்டியதுல முதல்ல ஆறு (நதி). இப்போ அது கட்டத்துக்கு நடுவுல ஓடுது, எந்தக் கரைல இருக்கோம்னு ஒவ்வொரு தடவையும் கேள்வி வருது, அடுத்ததுல கட்டத்தோட ஓரக்கோட்டுலயே ஆத்த ஓட விட்டு, தாண்டுறதுக்கு ரெண்டு கொட்டைன்னு வைக்கணும். 12 கொட்டைல மூணு வழியும் ரெண்டே நாள்ல முடிஞ்சதும் எனக்கு உறுத்துது, சுரங்கத்த இன்னும் ஒரு கட்டம் தள்ளி வச்சிருந்தா வித்தியாசம் தெரிஞ்சிருக்கும், அதனால முக்கியமான இடத்த எல்லாம் மேப்ல குறிக்கிறதுக்கு முன்னாடி மூணு வழிக்கு கொட்டை எண்ணிப் பார்த்துட்டுத்தான் குறிக்கணும். மழைக்கு இன்னும் ரூல் இல்ல. மழை நாள்ல கிண்ணத்துல ரெண்டு குறைக்கலாம்னு ஒரு யோசனை, ஆனா 10ங்கிறது 3க்கும் 4க்கும் 6க்கும் சரியா வகுபடாது, மூணு குறைச்சு 9 ஆக்குனா ஸ்லோ பேஸும் மழையும் ஒண்ணாயிரும். படகும் பாக்கி இருக்கு, அந்த ட்ரோல் வேற பாலத்துக்கு அடில ஒண்ணு கட்டி வச்சிருக்கான்னு பயலுகளுக்குத் தெரிஞ்சு போச்சு, அடுத்த செஷனுக்குள்ள எதாவது எழுதியாகணும்.